சர்வர் வேகத்தை ஒப்பிட எந்த மெஷினை 1 என்று வைப்பது?

நீலவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை டெண்டர் விட்டு சர்வர் வாங்குவோம். வருகிற மெஷின்களை விளம்பரத் தாளைப் பார்த்து மதிப்பிடுவதில்லை, எங்கள் சொந்த வேலைகளை ஓட்டித்தான் பார்ப்போம். ஓப்பன்ஃபோமில் ஒரு காற்றோட்டக் கணக்கு, குரோமாக்ஸில் ஒரு புரத மூலக்கூறு, லினக்ஸ் கெர்னல் கம்பைல் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுவது), மாணவர்கள் அதிகம் ஓட்டுகிற ஒரு பைத்தான் டேட்டா வேலை, ஆக நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை எங்களிடம் உள்ள ஒரு பழைய சர்வரோடு ஒப்பிட்டு "அதைவிட இத்தனை மடங்கு" என்று எழுதி, நான்கு விகிதத்தையும் கூட்டி நான்கால் வகுத்து ஒரே எண்ணாக்கி வைப்போம். அந்தப் பழைய சர்வர்தான் எங்களுக்கு 1. இரண்டு சாக்கெட் ஜியான் இ5-2650 வி2, மொத்தம் 16 கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ்.

இப்போது அது படுக்கப் போகிறது. மதர்போர்டில் ஒரு மெமரி ஸ்லாட் வேலை செய்யவில்லை, அதிலிருந்து ஓப்பன்ஃபோம் நேரம் கூடிவிட்டது, மற்ற மூன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. அடுத்த டெண்டருக்குள் புதிதாக ஒரு ரெஃபரன்ஸ் மெஷின் முடிவு செய்தாக வேண்டும். துறைத்தலைவர் "இருப்பதிலேயே புதியதை 1 என்று வையுங்கள்" என்கிறார். உடன் வேலை பார்ப்பவர் கிளவுடில் ஒரு இன்ஸ்டன்ஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து அதை வைக்கலாம், அது பழுதே ஆகாது என்கிறார். இன்னொருவர், இந்த வேலையே வேண்டாம், ஸ்பெக் (கணினி வேக அளவீடுகளை வெளியிடும் அமைப்பு) தளத்தில் எல்லா மெஷினுக்கும் எண் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

எது சரி? இத்தனை வருடம் சேர்த்து வைத்த பழைய எண்களை என்ன செய்வது? எது மலிவு என்பதைவிட, நாளை ஒரு சப்ளையர் வந்து "ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் நேர்மையாகக் காட்டக்கூடிய கணக்காக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

எண்கணக்கு எழுதியது:

மெஷினைத் தேடுவதற்கு முன்னால் அந்த "கூட்டி நான்கால் வகுத்து" என்ற இடத்தைச் சரி செய்யுங்கள். அது அப்படியே இருக்கும் வரை நீங்கள் எந்த மெஷினை 1 என்று வைக்கிறீர்களோ அதுவே டெண்டரில் யார் ஜெயிப்பது என்பதை முடிவு செய்துவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள்.

இரண்டே வேலை என்று வைத்துக்கொள்வோம். அ மெஷினில் கம்பைல் 20 நொடி, சிமுலேஷன் 200 நொடி. ஆ மெஷினில் கம்பைல் 40 நொடி, சிமுலேஷன் 100 நொடி. அ தான் 1 என்றால் ஆ-வின் வேகம் கம்பைலில் 0.5, சிமுலேஷனில் 2, கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25. சரி, ஆ 25 சதவீதம் வேகம். இப்போது ஆ தான் 1 என்று மாற்றிப் போடுங்கள். அ-வின் வேகம் 2, 0.5, சராசரி அதே 1.25, இப்போது அ 25 சதவீதம் வேகம். ஒரே நான்கு எண்கள், நொடிகளில் ஒரு மாற்றமும் இல்லை, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

மூன்றாவதாக ஒரு நடுநிலை மெஷினை வைத்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும், முடியாது. ரெஃபரன்ஸ் மெஷினில் இரண்டு வேலையும் தலா 100 நொடி என்றால் அ-வுக்கு 2.75, ஆ-வுக்கு 1.75. அதுவே கம்பைல் 40, சிமுலேஷன் 1000 நொடி எடுக்கும் மெஷின் என்றால் அ-வுக்கு 3.5, ஆ-வுக்கு 5.5. ரெஃபரன்ஸ் எந்த வேலையில் நோஞ்சானாக இருக்கிறதோ அந்த வேலையின் விகிதம் ஊதிப்போய் சராசரியை விழுங்கிவிடுகிறது. உங்கள் மெஷினிலேயே இது நடந்துகொண்டிருக்கிறது. மெமரி ஸ்லாட் போய் ஓப்பன்ஃபோம் மந்தமாகிவிட்டது என்கிறீர்கள், அப்படியென்றால் இன்றைய நிலையில் அதை 1 என்று வைத்து ஓட்டினால், ஓப்பன்ஃபோமில் நன்றாக ஓடும் மெஷினுக்கு உங்களை அறியாமலே கூடுதல் மதிப்பெண் போய்க்கொண்டிருக்கும்.

கூட்டுச் சராசரிக்குப் பதில் பெருக்குச் சராசரி எடுங்கள். நான்கு விகிதத்தையும் பெருக்கி நான்காம் படிமூலம். மேலே சொன்ன எந்த ரெஃபரன்ஸை வைத்தாலும் அ, ஆ இரண்டும் சமம் என்றே வரும், ஏனென்றால் இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது மேலும் கீழும் ரெஃபரன்ஸின் நேரம் அடித்துப் போய்விடுகிறது. ஃபிளெமிங், வாலஸ் இருவரும் 1986-இல் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான், ஸ்பெக் அமைப்பு தன் முதல் தொகுப்பிலிருந்து இதையே கடைப்பிடிக்கிறது. இதைச் செய்துவிட்டால் எந்த மெஷினை 1 என்று வைப்பது என்பது வெறும் வசதி பற்றிய கேள்வியாகிவிடும், நியாயம் பற்றிய கேள்வியாக இருக்காது.

பழையசர்வர் எழுதியது:

எண்கணக்கு சொன்னது முழுக்கச் சரி. நான் கொஞ்சம் பின்னால் போய் ரெஃபரன்ஸ் மெஷின்களின் கதையைச் சொல்கிறேன், உங்கள் துறைத்தலைவருக்குப் பதில் சொல்ல உதவும்.

டெக் நிறுவனம் 1977-இல் வாக்ஸ் 11/780-ஐ வெளியிட்டது. அது ஐபிஎம் 370/158 அளவுக்கு ஓடியது, அந்த ஐபிஎம் மெஷினை 1 மிப்ஸ் (நொடிக்கு ஒரு மில்லியன் கட்டளை) என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் வாக்ஸும் 1 மிப்ஸ் ஆனது. பிறகு எண்பதுகள் முழுக்க எந்தக் கம்பெனி எந்த மெஷினை விற்றாலும் "வாக்ஸைவிட இத்தனை மடங்கு" என்றுதான் பேச்சு. ஆனால் டெக்கிலேயே வேலை பார்த்த எமர், கிளார்க் இருவரும் அந்த மெஷினை உட்கார்ந்து அளந்து 1984-இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டளைக்குச் சராசரியாகப் பத்தரை சைக்கிளுக்கு மேல் போகிறது. கடிகாரமோ 5 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள், நொடிக்கு அரை மில்லியன் கட்டளைகூட முழுசாக வராது. உலகமே 1 மிப்ஸ் என்று நம்பி அளந்துகொண்டிருந்த அளவுகோல் உண்மையில் அதில் பாதிதான்.

அதனால் ஒப்பீடு கெட்டுப்போனதா என்றால் இல்லை. எல்லாரும் அதே வாக்ஸோடு ஒப்பிட்டவரை 3 மடங்கு 3 மடங்குதான், 5 மடங்கு 5 மடங்குதான். கெட்டது வேறு இடத்தில். ஆளாளுக்கு வேறு வேறு புரோகிராமை ஓட்டி, வேறு வேறு கம்பைலரைப் போட்டு, எல்லாவற்றையும் "வாக்ஸ் மிப்ஸ்" என்ற ஒரே பெயரில் எழுதினார்கள். ரைன்ஹோல்ட் வைக்கர் 1984-இல் எழுதிய டிரைஸ்டோன் என்ற சின்ன புரோகிராம் வாக்ஸில் நொடிக்கு 1757 தடவை ஓடும் என்று ஒரு எண் நிலைத்துவிட்டது, இன்றும் மைக்ரோகன்ட்ரோலர் டேட்டாஷீட்டில் டிமிப்ஸ் என்று பார்த்தால் அது இந்த 1757-ஆல் வகுத்த எண்தான். அந்த மெஷின் வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிறது, ஓடுகிற ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே அரிது, ஆனால் அளவு இன்னும் புழங்குகிறது. டிரைஸ்டோன் மிகச் சிறியது, சிப்பில் உள்ள கேச் என்ற சின்ன வேக மெமரிக்குள் அடங்கிவிடும், சரத்தை நகலெடுக்கும் இடங்களை கம்பைலர் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கிவிடும், அதனால் இன்றைக்கு அந்த எண்ணிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பது வேறு விஷயம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1988-இல் ஸ்பெக் உருவானது. 1989-இல் பத்து உண்மையான புரோகிராம்களோடு முதல் தொகுப்பு, ரெஃபரன்ஸ் அதே வாக்ஸ் 11/780. அப்புறம் தொகுப்பு மாற மாற மெஷினையும் மாற்றினார்கள். 95-இல் ஸ்பார்க்ஸ்டேஷன் 10. 2000-இல் 300 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ரா 5, அதற்கு 1 என்று போடாமல் 100 என்று போட்டார்கள். 2006 தொகுப்புக்கும் அதே தலைமுறை அல்ட்ராஸ்பார்க் 2 சிப்தான், 296 மெகாஹெர்ட்ஸ், தொண்ணூறுகளின் மெஷின், வெளியான அன்றே கிழடு. விதிப்படி அதில் ஒரு முழுச் சுற்று ஓட்டி முடிக்க ஏறத்தாழ 12 நாள் ஆகும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2017 தொகுப்புக்கு சன் ஃபயர் வி490, அதில் உள்ள அல்ட்ராஸ்பார்க் 4 பிளஸ் சிப் 2006-ஐச் சேர்ந்தது.

கவனித்தீர்களா, ஒருமுறைகூட அவர்கள் அன்றைக்குச் சந்தையில் இருந்த வேகமான மெஷினைத் தேடிப் போகவில்லை. தேவையும் இல்லை. ரெஃபரன்ஸ் மெஷினின் வேலை ஒரே ஒரு முறை ஓடி, ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நேரத்தைப் பதிந்து கொடுப்பதுதான், அதோடு அதன் கடமை முடிந்தது. பிறகு அது எரிந்துபோனாலும் கவலையில்லை, விகிதத்தில் உட்காருவது தாளில் எழுதிய அந்த நொடிகள்தான். துறைத்தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். புதிய மெஷினை 1 என்று வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால் தனி லாபமும் இல்லை, மூன்று வருடத்தில் அதுவும் பழசாகத்தான் போகிறது, அப்போது மறுபடியும் மாற்ற வேண்டும் என்று யாரும் கிளம்பாமல் இருந்தால் போதும்.

மின்தறி எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் வாங்குகிறவர் இடத்திலிருந்து எனக்கு ஒரு பலமான மறுப்பு இருக்கிறது. பெருக்குச் சராசரி எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிட்டது போலப் பேசுவது ஆபத்து.

எண்கணக்கு தந்த அதே எடுத்துக்காட்டை எடுங்கள். பெருக்குச் சராசரி அ, ஆ இரண்டும் சமம் என்கிறது. ஆனால் இரண்டு வேலையையும் ஒவ்வொரு முறை ஓட்டி முடிக்க அ-வுக்கு 220 நொடி, ஆ-வுக்கு 140 நொடி. இதை எந்த அர்த்தத்தில் சமம் என்பது? ஒரு நாளில் நீங்கள் ஒரு சிமுலேஷனுக்குப் பத்து கம்பைல் செய்கிறவர் என்றால் அ-வுக்கு 400 நொடி, ஆ-வுக்கு 500 நொடி, இப்போது அ நல்லது. ஒரு சிமுலேஷனுக்கு 5 கம்பைல் என்றால் இரண்டுக்கும் 300 நொடி, உண்மையிலேயே சமம். ஆக விடை உங்கள் ஆய்வகத்தில் எந்த வேலை எத்தனை தடவை ஓடுகிறது என்பதில் இருக்கிறது. பெருக்குச் சராசரி அதைக் கேட்பதே இல்லை. எல்லா வேலைக்கும் சம மரியாதை கொடுத்து, எந்த மெஷினிலும் நடக்காத ஒரு நேரத்தை எண்ணாக்கித் தருகிறது. ஜேம்ஸ் ஸ்மித் 1988-இல் இதை வைத்துத்தான் வாதாடினார், அதே ஏசிஎம் இதழில்: மொத்த நேரத்தைப் பாருங்கள், விகிதமாக்க வேண்டும் என்றால் கடைசியில் ஆக்கிக்கொள்ளுங்கள். ஸ்பெக்குக்கு வாங்குகிறவர் யார், என்ன ஓட்டுவார் என்று தெரியாது, அதனால் அவர்களுக்குப் பெருக்குச் சராசரி பொருந்துகிறது. உங்களுக்கு உங்கள் ஆய்வகத்தைத் தெரியுமே!

ஸ்லர்ம் போல வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஏதாவது ஷெட்யூலர் வைத்திருப்பீர்கள், கடந்த ஒரு வருடக் கணக்கை அதிலிருந்து எடுங்கள், எந்த வகை வேலை எத்தனை தடவை ஓடியது என்று எண்ணுங்கள், ஒவ்வொரு டெண்டர் மெஷினிலும் "நம் ஒரு வாரத்து வேலை முடிய எத்தனை மணி நேரம்" என்று கணக்கிடுங்கள். சப்ளையர் கேட்டால் காட்டுவதற்கும் இதைவிடத் தெளிவான காகிதம் கிடையாது. இதற்கு ரெஃபரன்ஸ் மெஷினே தேவையில்லை. உலகத்தில் பெரிய அளவீடுகள் பலவற்றில் அது கிடையாது. டாப் 500 பட்டியல் 1993-லிருந்து நொடிக்கு எத்தனை தசமக் கணக்கு என்ற நேரடி எண்ணைத்தான் போடுகிறது. டேட்டாபேஸுக்கான டிபிசி சி நிமிடத்துக்கு எத்தனை பரிவர்த்தனை என்கிறது, அதோடு விலையையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. டிரைஸ்டோனுக்கு மாற்றாக 2009-இல் வந்த கோர்மார்க் நொடிக்கு எத்தனை சுற்று என்று மட்டும் சொல்கிறது. யாருடைய பழைய மெஷினும் நடுவில் இல்லை.

இன்னொன்று. எந்தச் சராசரி எடுத்தாலும் ஒரே ஒரு புரோகிராம் தறிகெட்டு ஓடினால் மொத்த எண்ணும் கெட்டுவிடும். ஸ்பெக்கின் 1989 தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு அணிப்பெருக்கல் புரோகிராம் இருந்தது, அதன் நேரத்தில் 99 சதவீதம் ஒரே வரியில் போகும். கம்பைலர்காரர்கள் அந்த ஒரு வரியைக் குறிவைத்து, அணியைத் துண்டு துண்டாக்கி கேச்சுக்குள் அடக்கி, வேகத்தைப் பல மடங்கு ஏற்றிக் காட்டினார்கள், சிப் என்னவோ அதே சிப்தான். அடுத்த தொகுப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். 2006 தொகுப்பில் லிப்குவாண்டம் என்ற புரோகிராமுக்கும் ஏறக்குறைய இதே கதை. உங்கள் நான்கில் ஒன்று திடீரென்று தாவினால் சராசரியை நம்பாமல் அந்த ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

தென்காற்று எழுதியது:

பழைய எண்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். உங்களைவிடப் பெரிய அளவில் இதே சிக்கலில் இருந்தவர்கள் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள துகள் இயற்பியல் ஆட்கள். அவர்களுடைய கணினிகள் ஒரே இடத்தில் இல்லை, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, நம் நாட்டில் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலும் கொல்கத்தாவின் விஇசிசி ஆய்வு நிறுவனத்திலும் மையங்கள் உண்டு. ஒவ்வொரு மையமும் "இந்த வருடம் இவ்வளவு கணிப்புத் திறன் தருகிறேன்" என்று உறுதி கொடுக்க வேண்டும், அதற்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவு வேண்டும். 2009-லிருந்து ஹெப்ஸ்பெக்06 என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள், ஸ்பெக்கின் 2006 தொகுப்பிலிருந்து சி++ புரோகிராம்களை மட்டும் எடுத்து 32 பிட்டில் கம்பைல் செய்து ஓட்டுவது. காலப்போக்கில் அந்த எண்ணுக்கும் அவர்களுடைய உண்மையான வேலைகளின் வேகத்துக்கும் உள்ள தொடர்பு தளர்ந்துகொண்டே போனது, 2018-இல் ஸ்பெக் அந்தத் தொகுப்பையே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது.

மாற்றாக 2023 ஏப்ரலில் ஹெப்ஸ்கோர்23 வந்தது. அதில் வெளியார் புரோகிராம் எதுவும் இல்லை, அட்லஸ், சிஎம்எஸ், ஆலிஸ் போன்ற சோதனைகளின் சொந்த வேலைகளையே கன்டெய்னரில் கட்டிக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றின் விகிதத்தையும் பெருக்குச் சராசரி எடுத்தார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம்தான் உங்களுக்குப் பாடம். புதிய ரெஃபரன்ஸ் மெஷினுக்கு 1 என்றோ 100 என்றோ போடவில்லை. அந்த மெஷினில் பழைய அளவு என்ன எண் தருகிறதோ அதே எண்ணைப் புதிய அளவும் தரும்படி பொருத்திவிட்டார்கள். அதனால் கொடுத்த உறுதிமொழிகளை எல்லாம் உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

நீங்களும் இதையே செய்யலாம். பழைய ஜியான் முழுதாகச் சாகும் முன், ஓடுகிற ஸ்லாட்டுகளுக்கு மெமரியை மாற்றிப் போட்டோ, அதே மாடல் செகண்ட்ஹேண்ட் போர்டு ஒன்று தேடியோ, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து நான்கு வேலையையும் ஒருமுறை ஒழுங்காக ஓட்டுங்கள். அந்த சிப்புக்கு சாக்கெட்டுக்கு நான்கு மெமரி சேனல், ஒரு சேனல் போனாலும் மெமரி வேகத்தை நம்பியிருக்கும் ஓப்பன்ஃபோம்தான் முதலில் படுக்கும், அதுதான் உங்களிடம் நடந்திருக்கிறது. அப்புறம் அதே நான்கு வேலை, அதே கம்பைலர் பதிப்பு, அதே உள்ளீட்டுக் கோப்பு, புதிய மெஷினில். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இணைப்பு விகிதம் கிடைக்கும், அதைப் பதிந்து வையுங்கள். நாளை எந்த மெஷினை அளந்தாலும் அந்த விகிதத்தால் பெருக்கினால் பழைய அளவில் என்ன வரும் என்று தெரிந்துவிடும்.

பழைய டெண்டர்களின் சராசரி எண்ணை மட்டும் வைத்திருக்கிறீர்களா, தனித்தனி நொடிகளும் இருக்கின்றனவா? நொடிகள் இருந்தால் எல்லாவற்றையும் பெருக்குச் சராசரியிலோ மொத்த நேரத்திலோ மறுபடி கணக்கிட்டுவிடலாம், எதுவும் வீணில்லை.

நீலவானம் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தென்காற்று அண்ணா, நொடிகள் இருக்கின்றன, ஒவ்வொரு டெண்டருக்கும் லாக் கோப்பு எடுத்து வைத்திருக்கிறோம்.

மின்தறி சொன்ன வாராந்தர வேலைக் கணக்கு பிடித்திருக்கிறது, ஷெட்யூலர் பதிவுகள் உண்டு, அதிலிருந்து எடுத்துவிடலாம். டெண்டர் முடிவுக்கு அது, வருடாவருடம் எப்படி முன்னேறினோம் என்று பார்க்க பெருக்குச் சராசரி, இப்படி இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். கிளவுட் இன்ஸ்டன்ஸை ரெஃபரன்ஸாக வைப்பதில் என்ன குறை? ஸ்பெக் தளத்தின் எண்களை முழுக்க நம்பலாமா?

பழையசர்வர் எழுதியது:

கிளவுட் வேண்டாம். ஒரு கோர் என்று அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் ஒரு ஹைப்பர்த்ரெட்தான், அதாவது ஒரு கோரை இருவராகப் பகிர்வதில் ஒரு பங்கு, அதே மெமரி சேனலில் வேறு யாரோ என்னவோ ஓட்டிக்கொண்டிருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. சில இன்ஸ்டன்ஸ் வகைகளில் ஒரே பெயருக்குக் கீழே இன்று ஒரு சிப், நாளை வேறு சிப் கிடைக்கும். ஒருமுறை ஓட்டி நொடியைப் பதிந்து வைப்பதற்குக்கூட, அந்த நொடி எந்தச் சூழலில் வந்தது என்று உங்களால் முழுசாக எழுத முடிய வேண்டும், கிளவுடில் அது முடியாது.

சொந்த மெஷின் என்றாலும் "அதே மெஷின்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்து கெர்னலுக்கும் மைக்ரோகோடுக்கும் (சிப்புக்குள் இருக்கும் நிரல்) திருத்தங்கள் போட்டார்களே, அதற்கு முன் ஓடிய உங்கள் ஜியானும் பின் ஓடிய ஜியானும் வேகத்தில் ஒன்றல்ல. கெர்னலை அடிக்கடி கூப்பிடுகிற கம்பைல் போன்ற வேலைகளில் அடி அதிகம், கணக்கு மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் குரோமாக்ஸ் போன்றவற்றில் மிகக் குறைவு. பழைய லாக்கில் 2018-க்கு முன்னும் பின்னும் அந்த மெஷினின் கம்பைல் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால் புதிய ரெஃபரன்ஸை ஓட்டும்போது நொடியோடு சேர்த்து இவற்றையும் எழுதி வையுங்கள்: கெர்னல் பதிப்பு, மைக்ரோகோடு பதிப்பு, பயாஸ் அமைப்பு, டர்போ இருந்ததா, சிப் வேகத்தை நிர்ணயிக்கும் கவர்னர் பெர்ஃபார்மன்ஸில் இருந்ததா, எந்த ஸ்லாட்டில் எத்தனை மெமரி, ஜிசிசி கம்பைலர் பதிப்பு, கம்பைல் கொடிகள் (கம்பைலருக்குக் கொடுக்கும் தெரிவுகள்). அந்தக் கடைசி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. "மார்ச் நேட்டிவ்" (ஓடும் சிப்புக்கு ஏற்றபடி கம்பைல் செய்) என்று கொடி போட்டால் இ5-2650 வி2-வில் ஏவிஎக்ஸ்2 என்ற புதிய கட்டளைத் தொகுதி இல்லாமல் கம்பைல் ஆகும், புதிய மெஷினில் ஏவிஎக்ஸ்2 அல்லது 512-ஓடு ஆகும், புதியதில் கட்டிய குரோமாக்ஸ் பழையதில் ஓடவே ஓடாது. இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன், மாணவர்கள் உண்மையில் அப்படித்தான் ஓட்டப்போகிறார்கள் என்றால் அப்படியே அளக்கலாம், ஆனால் எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்து டெண்டர் தாளில் எழுதிவிடுங்கள். கெர்னல் கம்பைலிலும் இதே கவனம் வேண்டும், எந்தப் பதிப்பின் மூலக்கோப்பு, எந்த கான்ஃபிக் என்று கட்டிப்போட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு வருடமும் வேலையே பெரிதாகிக்கொண்டே போகும்.

ஓட்டும் விதத்தில் ஸ்பெக்கின் வழக்கம் நல்லது. மூன்று தடவை ஓட்டினால் நடுவில் உள்ளதை எடு, இரண்டு தடவை ஓட்டினால் மெதுவானதை எடு. வேகமானதைப் பொறுக்கி எடுப்பதற்கு அங்கே வழியே கிடையாது.

எண்கணக்கு எழுதியது:

மின்தறியின் மறுப்பை ஏற்கிறேன், வாங்கும் முடிவுக்கு மொத்த நேரம்தான் சரி. ஸ்பெக் எண்கள் பற்றிய கேள்விக்கு மட்டும் சேர்க்கிறேன்.

முதல் கட்ட வடிகட்டலுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அவ்வளவு விவரத்தோடு வேறு எங்கும் கிடைக்காது. ஒவ்வொரு முடிவுக்கும் கம்பைலர், கொடிகள், மெமரி, பயாஸ் அமைப்பு எல்லாம் திறந்தே இருக்கும், பீக் என்ற வரிசையை விட்டுவிட்டு பேஸ் வரிசையைப் பாருங்கள், அதில்தான் ஒரே மொழியில் எழுதிய எல்லாப் புரோகிராமுக்கும் ஒரே கொடிகள் என்ற கட்டுப்பாடு உண்டு. உங்கள் சர்வரில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் என்றால் ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் ஸ்பீட் எண்ணைவிட, பல நகல்களை ஒன்றாக ஓட்டி அளக்கும் ரேட் எண் பொருந்தும்.

ஆனால் டெண்டரை அதை மட்டும் வைத்து முடிக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் ஸ்பெக் அமைப்பே இன்டெல் சிப்களின் 2600-க்கும் மேற்பட்ட 2017 தொகுப்பு முடிவுகளைச் செல்லாது என்று குறித்தது. அவற்றில் பயன்படுத்திய இன்டெல் கம்பைலர், சலான்பிஎம்கே என்ற ஒரு புரோகிராமின் குறியீட்டையும் தரவையும் முன்கூட்டியே தெரிந்துவைத்து அதை மட்டும் வேகப்படுத்தியது என்பது காரணம். மேட்ரிக்ஸ்300 காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தத் தளம் நேர்மையாகத் தன் பட்டியலையே திருத்துகிறது என்பதில் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் அந்த முடிவுகளை வைத்து அதற்கு முன்பே யாராவது வாங்கியிருந்தால் அவர்களுக்கு அந்தத் திருத்தம் பிந்தித்தான் வந்தது.

உங்கள் ஓப்பன்ஃபோம் உள்ளீட்டுக் கோப்பு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதன் வகை, ஏறத்தாழ அளவு ஆகியவற்றை டெண்டரில் சொல்லுங்கள், கோப்பை சப்ளையரிடம் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், அளக்கும் அன்று உங்கள் ஆள் உட்கார்ந்து ஓட்டட்டும்.